பனிநாட்டுப் பூங்காவுக்குச் சொந்தக்காரர் யார்?

கனடா தேசத்தில் மந்திரியாக இருந்து, பின்னாளில் பிரதம மந்திரியாகவும் ஆன ஜான் கிரெத்தியன் என்பவர் தம்மைப் பற்றித் தாமே ஒரு கதை சொல்லியிருக்கிறார். வடதுருவத்துக்கு அருகே உள்ள பாஃபின் தீவின் மேல் அவர் மனைவியுடன் ஆகாய விமானத்தில் பறந்து கொண்டிருந்தார். கீழே செங்குத்தான மலைகள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஆழமான பள்ளத்தாக்குகள். எங்கு நோக்கினும் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போலப் பனிக்கட்டி. அந்தக் காட்சியில் மெய்மறந்த மந்திரி, இதை உனக்காகவே ஒரு தேசியப் பூங்காவாக ஆக்கி விடுகிறேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தாராம். வாக்குத் தவறவில்லை. 1972-ஆம் வருஷத்தில் அந்தப் பிரதேசம் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டது.

கதை ரஸமானதுதான். இயற்கையழகில் ஈடுபாடும், இல்லத்தரசியிடம் அன்பும் உள்ள மந்திரிகளை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு அல்லவா? அது இங்கே நினைவுக்கு வராமல் போகாது. அந்த மலைகளின் அடிவாரத்தில் பங்னிர்டங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வசிப்பவர்களின் பாட்டன் பூட்டன்மார் அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் துருவமான்களைத் தொடர்ந்து சென்றார்கள்; அந்தக் கடற்கால்களில்தான் சீல் வேட்டையாடினார்கள். ஆகாயத்திலிருந்து பார்த்தவர் கண்ணுக்கு அவர்கள் தென்படவில்லை. அவர்களுடன் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திடுவதற்கு அதன் பிறகு 27 வருஷங்கள் கடந்தன.

அந்த 27 வருஷங்களில் நடந்த மாறுதலையும், அதற்கு அடிப்படையான சில கொள்கைகளையும் நமது நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பனியும் கரடியும் நமக்குத் தூரத்து விஷயங்களாக இருக்கலாம். ஆனால் ஒரு நிலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கும், அந்த நிலத்தைப் பாதுகாக்கிறேன் என்று வெளியிலிருந்து வரும் சர்க்காருக்கும் உள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வளவு தூரத்துக் கேள்வி அல்ல.

வடகோடியில் வசிக்கும் இந்த மக்களை எஸ்கிமோக்கள் என்று பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களை இனுயிட் என்று அழைத்துக் கொள்கிறார்கள். மக்கள் என்பதுதான் அதற்குப் பொருள். ஒருவரைக் குறிக்கும்போது இனுக் என்பார்கள். கனடாவில் அவர்களுடைய தொகை சுமார் 70,000. ஆனால் அவர்களுடைய தாயகமோ அந்தப் பெரிய தேசத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு.

பெயரைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1941-ஆம் வருஷம் முதல் கனடா சர்க்கார் ஒவ்வொரு இனுயிட்டுக்கும் ஓர் எண் பொறித்த சிறு வட்டத் தகட்டைக் கொடுத்துக் கழுத்தில் அணியச் செய்தது. கிழக்கே இருந்தால் "ஈ" என்ற எழுத்து, மேற்கே இருந்தால் "டபிள்யூ", அதன் பின்னால் ஒரு நம்பர். இனுயிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளும் வழக்கம் இல்லாததால் குமாஸ்தாக்களுக்குக் கணக்கு வைக்கச் சிரமமாக இருந்ததாம்! குமாஸ்தாவின் சிரமத்தைத் தீர்ப்பதற்காக ஒரு ஜன சமூகமே நம்பர் சுமந்தது. 1968-ல் தொடங்கி ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று, அவரவர் விரும்பிய குடும்பப் பெயரைப் பதிவு செய்து முடித்த பிறகே அந்த நம்பர் வழக்கம் ஒழியத் தொடங்கியது.

இதைவிடக் கொடுமையானது குடிபெயர்த்தல். 1953-ல் கியூபெக் மாகாணத்தின் வடக்கேயிருந்த சில குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், மாதக் கணக்கில் சூரியனே உதிக்காத எல்ஸ்மியர், கார்ன்வாலிஸ் தீவுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கு அந்தச் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2010-ல். லாப்ரடார் கரையில் ஹெப்ரன் என்று ஒரு சிற்றூர். 1830-ல் மொரேவியப் பாதிரிமார்கள் ஏற்படுத்தியது. 1959-ல் அந்த ஊரை மூடிவிடப் போவதாக மாதாகோயிலில் ஜனங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அறிவித்தார்கள். கோயிலுக்குள் எதிர்த்துப் பேசுவது தகாது என்று எண்ணும் மக்கள் அவர்கள். வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே சம்மதம் என்று எழுதிக்கொள்ளப்பட்டது. தெற்கே நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக் முதலிய ஊர்களுக்குக் குடும்பங்கள் சிதறின. வேட்டைக்குப் பழகிய இடம் போயிற்று. புது ஊரில் நல்ல இடங்களெல்லாம் ஏற்கனவே அங்கிருந்தவர்களுக்கு. துக்கத்தினாலும் வறுமையினாலும் நொந்த அந்தத் தலைமுறையின் கதையை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் "தேசியப் பூங்கா" என்ற வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். 1872-ல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா ஏற்பட்டது. அதைப் பார்த்து உலகமெங்கும் பரவிய கொள்கை என்னவென்றால், இயற்கை என்பது மனிதன் இல்லாத இடம்; மனிதன் இருந்தால் அவனை அப்புறப்படுத்தி, வேலி போட்டு, பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு வேறு மனிதர்களை உள்ளே விட வேண்டும் என்பது. யெல்லோஸ்டோனில் வேட்டையாடித் திரிந்த பழங்குடிகள் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார்கள். இனுயிட் பாஷையிலோ, மனிதன் வசிக்காத காடு என்ற பொருளில் நிலத்தைப் பிரித்துப் பேசும் மனப்பான்மையே கிடையாது. நிலத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "நுனா". அதில் மண், பனி, விலங்கு, வழித்தடம், முன்னோர் கூடாரமடித்த கல் வட்டம், எல்லாம் அடக்கம்.

ஆகவே இனுயிட் தலைவர்கள் பூங்காவே வேண்டாம் என்று மறுத்தார்களா? இல்லை. இதுதான் இந்தச் சரித்திரத்தில் நாம் மிகவும் வியக்கும் அம்சம். எண்ணெய்க் கம்பெனியும் சுரங்கக் கம்பெனியும் வாசலில் நிற்கும்போது, நிலத்தைக் காப்பாற்றப் பூங்காச் சட்டம் ஒரு நல்ல ஆயுதம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் அந்த ஆயுதத்தின் பிடி தங்கள் கையிலும் இருக்க வேண்டும் என்றார்கள். 1984-ல் மேற்குப் பகுதி இனுயிட்டான இனுவியாலுயிட் மக்கள் கனடாவுடன் செய்துகொண்ட நில உடன்படிக்கையின் பலனாக யூக்கான் கரையில் ஒரு பூங்கா ஏற்பட்டது. பழங்குடிகளுடன் செய்த நில உடன்படிக்கையின் வழியே கனடாவில் அமைந்த முதல் தேசியப் பூங்கா அதுவே. அதற்கு இப்போது இவ்வாவிக் என்று பெயர்; குட்டி ஈன்று வளர்க்கும் இடம் என்று பொருள். துருவமான் கூட்டங்கள் வருஷந்தோறும் கன்று போட வரும் கரை அது.

பிறகு 1993-ல் நுனாவுட் உடன்படிக்கை. அதன்படி 1999-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி, "நம் நிலம்" என்று பொருள்படும் நுனாவுட் பிரதேசம் கனடாவின் படத்தில் தனியாகப் பிறந்தது. சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுயிட்டுக்கு நேர் உடைமையாயிற்று. அந்த உடன்படிக்கையில் எட்டாவது பிரிவு பூங்காக்களைப் பற்றியது. அதன் சாரம் இதுதான்: இனுயிட் மக்களுடன் உட்கார்ந்து, இந்தப் பூங்காவினால் உங்களுக்கு என்ன நன்மை, என்ன பாதகம் என்று பேசி, ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் நுனாவுட்டில் பூங்கா ஏற்படுத்தக் கூடாது.

அதே 1999-ல் மூன்று பூங்காக்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. ஒன்று நம் மந்திரியின் பூங்கா. அதற்கு ஆயுயித்துக், அதாவது ஒருபோதும் உருகாத நிலம் என்று பெயர். இரண்டாவது, பூமியின் உச்சி என்று பொருள்படும் குத்தினிர்பாக்; முன்பு அது எல்ஸ்மியர் தீவுப் பூங்கா என்று யாரோ ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயரைச் சுமந்து கொண்டிருந்தது. மூன்றாவது சிர்மிலிக், பனியாறுகளின் இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுக் கமிட்டி. ஆறு அங்கத்தினர்கள், மூவரை இனுயிட் சங்கம் நியமிக்கும், மூவரைக் கனடா சர்க்கார் நியமிக்கும். இனுயிட் உணவுக்காக வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் பூங்காவுக்குள் எப்போதும்போலப் போகலாம், கட்டணம் கிடையாது. சிற்பம் செதுக்கும் மாக்கல்லை எடுக்கும் உரிமைக்கும் இடம் வைத்தார்கள்.

எவ்வளவு நல்ல ஷரத்துகளாக இருந்தாலும் காகிதத்தில் இருப்பது காகிதந்தான். ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், யாருடைய முறைப்படி பேசுவது, யாருடைய அறிவை அறிவென்று ஒப்புக்கொள்வது? இங்கேதான் இனுயிட் கொள்கைகள் வருகின்றன. அவற்றுக்கு அவர்கள் பாஷையில் "இனுயிட் கௌயிமயாத்துகங்கித்" என்று பெயர். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்று அஞ்சும் நேயர்கள், "இனுயிட் நெடுங்காலமாக அறிந்து வந்தவை" என்று சொல்லிக் கொள்ளலாம். ஆங்கிலம் எழுதும் உத்தியோகஸ்தர்கள் இதைச் சுருக்கி "ஐ. க்யூ." என்கிறார்கள். மனிதனுடைய புத்தியை அளந்து மார்க் போடும் மேனாட்டுப் பரீட்சைக்கும் அதே இரண்டு எழுத்துக்கள்தான் என்பது ஒரு வேடிக்கை.

நுனாவுட் சர்க்கார் இவற்றை எட்டாகத் தொகுத்துத் தன் எல்லா இலாகாக்களுக்கும் வழிகாட்டியாக வைத்திருக்கிறது. ஒருவரையொருவர் மதித்தல், வந்தவரை முகமலர்ந்து ஏற்றல், ஊருக்குத் தொண்டு செய்தல், கையிலிருப்பதைக் கொண்டு வழி கண்டுபிடித்தல் என்பன போன்றவை அவை. எட்டையும் வரிசையாக விவரித்து நேயர்களின் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. பூங்கா நிர்வாகத்தை உண்மையிலேயே மாற்றிய மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

முதலாவது "ஆஜீகதிகீன்னிக்": கூடிப் பேசி ஒருமனப்படுதல். ஓட்டெடுத்துத் தீர்ப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. மூன்றும் மூன்றுமாக உள்ள கமிட்டியில் ஓட்டெடுத்தால் என்ன ஆகும்? முடிவே ஏற்படாது, அல்லது ஒருவரை அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பதற்குத் திரைமறைவில் பேரம் நடக்கும். ஒருமனப்படும்வரை பேசுவது என்று வைத்துக்கொண்டால் வேகம் குறையும். தலைநகரிலிருந்து விமானத்தில் வந்து மாலைக்குள் திரும்ப வேண்டிய உத்தியோகஸ்தருக்கு இது பெரிய சோதனை. ஒரு கிழவர் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், தம் தகப்பனார் காலத்தில் ஒரு குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். கதை முடிந்ததும் சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தை, இனி ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளும் அதிகாரி ஹெப்ரன் கோயிலில் செய்த பிழையையே மறுபடி செய்கிறவர் ஆவார். மௌனம் என்பது யோசனை. சம்மதம் பிறகு வாயினால் சொல்லப்படும். இதைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு சர்க்காருக்கு நாற்பது வருஷம் வேண்டியிருந்தது.

இரண்டாவது, அறிவைப் பற்றியது. இனுயிட் வழக்கில் "பிலிம்மக்சார்னிக்" என்றால், பார்த்து, கூடவே இருந்து, கையால் செய்து கற்பது. பனியின் நிறத்தைப் பார்த்து அது ஆளைத் தாங்குமா என்று சொல்வதும், காற்று அடித்து இறுகிய பனியின் மேடுகளைக் கொண்டு மூடுபனியில் திசை கண்டுபிடிப்பதும் புஸ்தகத்தில் வருவன அல்ல. எழுத்தில் இல்லாத அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ள மேனாட்டார் எவ்வளவு தயங்கினார்கள் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு.

1845-ல் ஸர் ஜான் ஃபிராங்க்ளின் என்ற ஆங்கிலத் தளபதி எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களுடன் ஆர்க்டிக் கடலுக்குள் போனார். கப்பல்களும் 129 பேரும் திரும்பவே இல்லை. 1854-ல் ஜான் ரே என்ற டாக்டர் இனுயிட் மக்களிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதை லண்டனுக்கு எழுதினார்: பசியால் மடிந்தார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலைத் தின்னவும் துணிந்தார்கள். லண்டனில் ஒரே கொந்தளிப்பு. சார்லஸ் டிக்கன்ஸ் என்ற மகா நாவலாசிரியரே பேனாவை எடுத்து, ஆங்கிலக் கடற்படை வீரர்கள் அப்படிச் செய்வார்களா, காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்பலாமா என்று தம் பத்திரிகையில் எழுதினார். ஏழைகளுக்காக அவ்வளவு கண்ணீர் விட்ட பேனா அது! ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது கத்தி வெட்டுக்கள் இருந்தன. இனுயிட் சொன்னது முழு உண்மை.

கப்பல்கள் எங்கே மூழ்கின என்பதும் அவர்களுடைய வாய்மொழிக் கதைகளில் இருந்தது. ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த லூயி காமூகாக் என்ற சரித்திரகாரர் தம் வாழ்நாளெல்லாம் முதியோரிடம் அந்தக் கதைகளைக் கேட்டுச் சேகரித்தார். பெரியோர்கள் சொல்லி வந்த தென்பகுதிக் கடலிலேயே 2014-ல் எரிபஸ் அகப்பட்டது. 2016-ல் ஓர் இனுயிட் வேட்டைக்காரர், பனிக்கு மேலே பாய்மரம் போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை முன்பொரு சமயம் தாம் பார்த்ததாகச் சொன்னார். அந்த இடத்தில் தேடியதும் டெரரும் அகப்பட்டது. காமூகாக் 2018-ல் காலமானார். இரண்டையும் கண்டுபிடித்த செய்தியைக் கேட்ட பிறகே கண்மூடினார் என்பதில் நமக்கு ஒரு திருப்தி. அதே வருஷம் பிரிட்டன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. கப்பல்களில் கிடைக்கும் பண்டங்களுக்கு இன்று கனடாவும் இனுயிட் பாரம்பரிய டிரஸ்டும் கூட்டுச் சொந்தக்காரர்கள். கோடைகாலத்தில் அந்த இடத்தில் கூடாரமடித்துக் காவல் இருப்பவர்கள் ஜோவா ஹேவன் ஊரார்.

மூன்றாவது கொள்கை "அவதித்தின்னிக் கமாட்சியார்னிக்" என்பது: நிலத்தையும் விலங்குகளையும் பேணுதல். இதைக் கேட்டவுடன், பேணுகிறவர்கள் ஏன் வேட்டையாடுகிறார்கள் என்று சாத்விக போஜனம் செய்யும் நமது நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். மரமே முளைக்காத நிலத்தில் மனிதன் உண்ண வேறென்ன இருக்கிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். கடைச் சரக்கெல்லாம் தெற்கிலிருந்து விமானத்திலோ, கோடையில் மட்டும் வரும் கப்பலிலோ வருவதால் விலை நெஞ்சை அடைக்கும். அவர்கள் கொள்கைப்படி, விலங்கைத் துன்புறுத்துவதும், அதைக் கொன்று வீணாக்குவதும், வேட்டைத் திறமையைப் பற்றிப் பெருமையடிப்பதும் குற்றம். வேட்டையில் கிடைத்ததைப் பங்கிடாமல் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம். விலங்குகளின் கணக்கிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டென்பதை அலாஸ்காவில் உள்ள அவர்கள் உறவினரான இன்யுபியாத் மக்கள் நிரூபித்தார்கள். 1977-ல் வில்தலைத் திமிங்கிலங்கள் மிகவும் குறைந்துவிட்டன என்று சர்வதேச கமிஷன் வேட்டையைத் தடுத்தது. கரையிலிருந்து எண்ணினால் போதாது, அவை பனிக்கு அடியிலும் போகின்றன என்றார்கள் வேட்டைக்காரர்கள். தண்ணீருக்குள் ஒலிக்கருவி இறக்கிக் கேட்டபோது, அவர்கள் சொன்னதே சரியாயிற்று. விஞ்ஞானிகள் இதைக் கௌரவமாக ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கொள்கைகள் மிக நன்றாகப் பலித்த இடம் எது என்று கேட்டால், லாப்ரடார் வடமுனையில் உள்ள தோர்ங்காட் மலைப் பூங்காவைத்தான் நாம் சொல்வோம். ஆவிகளின் இருப்பிடம் என்பது பெயரின் பொருள். பரப்பு 9,700 சதுர கிலோமீட்டர். 2005-ல் லாப்ரடார் இனுயிட் உடன்படிக்கை நிறைவேறியபோது, மாகாணப் பிரதம மந்திரி டானி வில்லியம்ஸ் ஹெப்ரன் விஷயத்தில் மன்னிப்புக் கேட்டார். 2009-ல் அங்கே ஒரு நினைவுச் சின்னம் நாட்டினார்கள். மன்னிப்புக் கேட்டதோடு, அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்ட இனுயிட்டின் வார்த்தைகளும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது வாசகந்தான் நம் மனத்தை அதிகம் உருக்குகிறது.

தோர்ங்காட் பூங்காவின் நிர்வாக போர்டில் ஏழு பேர். லாப்ரடார் இனுயிட் சர்க்கார் இருவர், கியூபெக் இனுயிட் ஸ்தாபனம் இருவர், கனடா பூங்கா இலாகா இருவர், பொதுவாக ஓர் அக்கிராசனர். பூங்கா இலாகா தன் இரண்டு ஸ்தானங்களுக்கு யாரை வேண்டுமானாலும் நியமித்திருக்கலாம். அது நியமித்ததும் இனுயிட்டையே. ஆக ஏழு பேரும் இனுயிட். கனடா பூங்காக்களில் இதுவே முதல் தடவை.

பூங்காவுக்குத் தெற்கே ஸாக்லெக் குடாவில் ஒரு முகாம் இருக்கிறது. 2006-ல் பூங்கா இலாகா தொடங்கியதை, சில வருஷங்களில் இனுயிட் சர்க்கார் ஏற்று நடத்தலாயிற்று. சுற்றிலும் மின்சார வேலி. வேலி மனிதர்களுக்காக, கரடிகள் வெளியே உலாவுகின்றன! வேலிக்கு அப்பால் போகும் யாத்திரீகருடன் துப்பாக்கி ஏந்திய இனுயிட் காவலர் ஒருவர் போவார். கரடியைச் சுடாமல் எப்படி விலகிப் போவது என்பதுதான் அவருடைய உண்மையான வித்தை. அங்கே ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், ஹெப்ரனிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்துப் பெரியவர்களும் ஒரே பந்தியில் உணவருந்துகிறார்கள். தாம் பிறந்த கரையைக் காட்டி, இங்கே எங்கள் வீடு இருந்தது என்று ஒரு பாட்டி பேத்திக்குச் சொல்லும்படியான பூங்கா, யெல்லோஸ்டோன் கொள்கையில் முளைத்திருக்க முடியாது.

குறைகளே இல்லையென்று எழுதினால் நேயர்கள் நம்பமாட்டார்கள், நாமும் நம்பவில்லை. கூட்டுக் கமிட்டிகள் சொல்வது சட்டப்படி யோசனைதான். கடைசி வார்த்தை ஆட்டவாவில் உள்ள மந்திரியினுடையது. யோசனையைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கடிவாளம், அவ்வளவே. உத்தியோக விஷயமோ இன்னும் மோசம். நுனாவுட்டில் நூற்றுக்கு 85 பேர் இனுயிட். சர்க்கார் உத்தியோகங்களிலும் அதே விகிதம் இருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் 23-ஆவது பிரிவு. அது நிறைவேறவில்லை. 2006-ல் இனுயிட் ஸ்தாபனம் கனடா சர்க்கார்மேல் வழக்குத் தொடுத்தது; 2015-ல் 25 கோடியே 55 லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. அதில் பெரும்பகுதி இனுயிட் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கு.

எந்த உடன்படிக்கைக்கும் கட்டுப்படாத ஒன்றும் இருக்கிறது. உலகம் சூடேறி வருவதால், ஒருபோதும் உருகாத நிலம் உருகிக் கொண்டிருக்கிறது. 2008-ஆம் வருஷக் கோடையில் மழையும் வெப்பமும் சேர்ந்து, ஆயுயித்துக் பூங்காவில் வெள்ளம் பாதையை அரித்துச் சென்றது. பங்னிர்டங்கில் ஆறு கரையை உடைத்து, ஊரை இணைத்த பாலத்தைக் கெடுத்தது. நிரந்தரமாக உறைந்து கிடந்த மண் பிளந்து, ஊரார் முன்பின் கண்டிராத பள்ளங்கள் தோன்றின. இதற்குக் காரணமான கரிப்புகையில் இனுயிட்டின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பாஃபின் தீவுக்கு வடக்கே உள்ள ஜலசந்திக்கு 1616-ல் வில்லியம் பாஃபின் என்ற மாலுமி லங்காஸ்டர் என்று பெயர் வைத்தார். யார் இந்த லங்காஸ்டர்? 1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பற்படையை நடத்திக்கொண்டு கிழக்குத் திசைக்குப் புறப்பட்டாரே, அதே ஸர் ஜேம்ஸ் லங்காஸ்டர்தான்! ஐரோப்பியர்கள் அந்தப் பனிக்கடலில் முட்டி மோதியதெல்லாம் கீழைநாட்டு மிளகுக்கும் பட்டுக்கும் குறுக்குவழி தேடித்தான். இனுயிட்டின் கடலுக்குக் கம்பெனிக் கப்பல் தலைவரின் பெயர் நாலு நூற்றாண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊராருக்கோ அது தல்லுருதியுப் இமங்கா. எதிரே நிற்கும் தீவின் செங்குத்துப் பாறைகளில் இறங்கும் கோடுகள், பெண்கள் மோவாயில் குத்திக்கொள்ளும் பச்சைக் கோடுகளைப் போலிருப்பதால், அந்தத் தீவைச் சூழ்ந்த நீர் என்று பெயர்.

கொம்புத் திமிங்கிலங்களும் பெலுகாத் திமிங்கிலங்களும் கூட்டங்கூட்டமாக வரும் இந்தக் கடலின் அடியில் எண்ணெய் இருக்கலாம் என்று கம்பெனிகள் வெகு காலம் கண் வைத்திருந்தன. 2010-ல் கடலடியில் வெடியோசை எழுப்பி ஆராயச் சர்க்கார் ஏற்பாடு செய்தபோது, கிகிக்தானி இனுயிட் சங்கம் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கிற்று. 2016-ல் ஷெல் கம்பெனி தன் பழைய அனுமதிகளை விட்டுக்கொடுத்தது. 2019 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1,08,000 சதுர கிலோமீட்டர் கடல், ஐஸ்லாந்து தீவைவிடப் பெரிய பரப்பு, அதன் சொந்தப் பெயருடனேயே பாதுகாப்புக்குள் வந்தது.

அதைக் காவல் காப்பவர்களுக்கு "நௌத்திக்சுக்தீத்" என்று பெயர். ஆர்க்டிக் பே என்ற ஊரில் முதலில் ஏற்பட்ட இந்தப் படையினர் சம்பளம் பெறும் இனுயிட் வேட்டைக்காரர்கள். பனியின் கனத்தை அளக்கிறார்கள். கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கிறார்கள். வழி தவறியவர்களைத் தேடிப் போகிறார்கள். விலங்குகள் வந்த நாளையும் வழியையும் குறித்து வைக்கிறார்கள். இளைஞர்கள் முதியோர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தொழில் கற்கிறார்கள். அத்துடன் வேட்டையாடுவதும் அவர்களுடைய உத்தியோகக் கடமைகளில் ஒன்று. சர்க்கார் காவலர் ஒருவர், காவல் முடிந்து சீல் இறைச்சியுடன் ஊருக்குள் வந்து, வீடு வீடாக இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த இறைச்சிக்குப் பில் கிடையாது. ரிஜிஸ்தரில் மட்டும், இன்ன தேதி, இன்ன இடத்தில், பனி இன்ன கனம் என்று எழுதிக் கொள்கிறார்.